நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் முதல் மூன்று வகுப்புகளுக்கே பாடம் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றி நாளிதழில் வரும் செய்தி எதையும் விடாமல் படிக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு சதவீதம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத அந்தப் பிள்ளை எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் நிற்கிறது என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கிறவர்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். வகுப்பறையில் நடக்கும் சோதனையும் அதே வழியில் போவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வாசிப்பைச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் 2005 முதல் நடக்கும் அசர் (ASER) என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில் ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்து ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்கிறார்கள். தடையில்லாமல் வாசித்தால் அடுத்து ஒரு கதை, திணறினால் சொற்கள், அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது நல்ல முறைதான். ஆனால் அதன் முடிவு எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘சொல் நிலை’ என்று பதிவான இருபது பிள்ளைகளுக்கும் இருபது விதமான தடை இருக்கலாம். மறுநாள் காலையில் பாடம் எடுக்கப் போகிற ஆசிரியைக்கு வேண்டியது அந்தத் தடை என்ன என்பதுதான்.

இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தது என்று எண்ணும் பழக்கம் பல இடங்களில் பரவியிருக்கிறது. இது ஆங்கில வாசிப்புக்காக வளர்ந்த முறை. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து 2017இல் வெளியான அளவுகோலின்படி, இரண்டாம் வகுப்பு முடியும்போது நடுத்தரமாக வாசிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 100 சொற்களைச் சரியாக வாசிக்கும். அந்த எண்ணைத் தமிழ் வாசிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது கொஞ்சமும் நியாயம் இல்லை.

‘அவன் வீட்டிற்குள் போய்க்கொண்டிருந்தபோது’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஏழு சொல் வந்துவிடும். ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்ற ஒரே சொல்லில் பதினொரு எழுத்துகள். மெய்யும் உயிர்மெய்யும் மாறி மாறி வருகின்றன. இதை ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மூச்சில் வாசித்து முடித்தால் அது பெரிய காரியம். சொல் எண்ணிக்கையில் அதற்குக் கிடைப்பது ஒன்று. ‘பூ’ என்று வாசித்த பிள்ளைக்கும் அதே ஒன்று. தமிழில் வேகத்தை அளந்தே ஆக வேண்டுமானால் எழுத்துகளையாவது எண்ணுங்கள். அதைவிட, அந்த நீளச் சொல்லை எந்த இடத்தில் உடைத்து வாசித்தது என்று கேளுங்கள். ‘போய்க்கொண்டு’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘இருந்தபோது’ என்று முடித்த பிள்ளைக்குச் சொல்லின் கட்டுமானம் பிடிபட்டுவிட்டது. ‘போய்க்கொ’ என்று நிறுத்தியது இன்னும் எழுத்தெழுத்தாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. இருவருக்கும் ஒரே நேரம் ஆகியிருக்கலாம். ஆனால் மறுநாள் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

தவறுகளைக் குறிக்காமல் வெறுமனே எண்ணுவதால் நமக்கு என்னவெல்லாம் கிடைக்காமல் போகிறது என்று பாருங்கள். ‘கொடி’ என்பதை ‘கெடி’ என்று ஒரு பிள்ளை வாசிக்கிறது. பார்த்தால் கவனக்குறைவு போலத் தெரியும். உண்மையில் அது கொம்பைப் பார்த்தது, எழுத்துக்குப் பின்னால் இருக்கும் காலைப் பார்க்கவில்லை. தமிழில் எ, ஏ, ஐ வரிசைகளின் குறிகள் எழுத்துக்கு முன்னால் வருகின்றன. ஒலியோ பின்னால் வருகிறது. ஒ, ஓ வரிசைகளிலோ குறி இருபக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் கண்ணுக்கு இது உண்மையிலேயே கடினமான இடம். ‘கோடு’ என்பதை ‘கொடு’ என்று வாசிக்கிற பிள்ளைக்குச் சிக்கல் வேறு: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதற்கு இன்னும் தனித்தனியாகத் தெரியவில்லை. முதல் பிள்ளைக்கு ஒகர வரிசையைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதுக்கு தென், தேன்; கொடு, கோடு என்று குறில் நெடில் இணைகளைக் காதால் கேட்டுப் பிரிக்கும் பயிற்சி வேண்டும். பதிவேட்டில் இரண்டுக்கும் ‘ஒரு பிழை’ என்றுதான் இருக்கும்.

உகர, ஊகார வரிசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகார வரிசையில் எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். முன்பு ணா, றா, னா மூன்றும் தனி வடிவில் இருந்தன. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. உகர வரிசை அப்படியே நின்றுவிட்டது. கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. ஆகாரத்தை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்ட பிள்ளை இங்கே வாரக்கணக்கில் தடுமாறினால் அது மந்தம் இல்லை. பாடத்திட்டம் எல்லா வரிசைக்கும் சம நாட்கள் ஒதுக்குவதுதான் பிரச்சினை. 247 எழுத்துகளையும் சொல்ல வைத்துவிட்டு, அப்புறம்தான் சொல், அதற்குப் பிறகுதான் வாக்கியம் என்று காக்க வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ப, ட, ம், கா, ல் என்று சில எழுத்துகள் வந்ததுமே படம், கால், பல் என்று வாசிக்கத் தொடங்கிவிட்டால், பிள்ளைக்கு எழுத்தின் பயன் என்னவென்று தெரிந்துவிடுகிறது.

எழுத்து தெரிந்தாலும் ஒலி தானாக வந்துவிடுவதில்லை. கடல், தங்கம், அகம் மூன்றிலும் இருப்பது அதே ககரம். ஒலிப்பது மூன்று விதமாக. பேச்சில் அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கிற பிள்ளை சட்டென்று திருத்திக்கொள்ளும். கேட்டிராத பிள்ளை எழுத்தைச் சரியாகச் சொல்லியும் சொல்லை அடைய முடியாமல் நிற்கும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சியைக் கூட்டினால் மட்டும் போதாது. நிறையக் கதை சொல்ல வேண்டும், பேச வைக்க வேண்டும்.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. அதைத் தவறு என்று குறிக்கவே எனக்கு மனம் வராது. புத்தகத்தில் ‘அமர்ந்தான்’ என்றிருக்கும். பிள்ளை ‘உட்கார்ந்தான்’ என்று வாசிக்கும். ‘போய்விட்டான்’ என்றிருப்பதை ‘போயிட்டான்’ என்று வாசிக்கும். எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கிற மொழியில் இது நடக்கத்தான் செய்யும். பொருள் மனதுக்குள் ஓடுவதால்தான் வாய் தன் பழக்கப்படி சொல்லிவிடுகிறது. ‘உட்கார்ந்தான்’ என்று சொன்ன பிள்ளையை மட்டும் திரும்ப அந்தச் சொல்லை விரல் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் ஊகித்துக்கொண்டே போகும் பழக்கம் மேல் வகுப்பில், தெரியாத சொற்கள் கூடும்போது காலை வாரிவிடும். அதனால் அன்பாகத் திருத்துங்கள். ஆனால் ‘கெடி’ என்று வாசித்ததோடு ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள்.

இப்படிக் குறித்துக்கொள்ள ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்ற கல்வியாளர் உருவாக்கியது. பிள்ளை வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு ஒரு கோடு. மாற்றி வாசித்தால் என்ன வாசித்ததோ அதை அப்படியே மேலே எழுதுவது. விட்டது, திரும்ப வந்து தானே திருத்தியது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. 100 சொற்களில் 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அந்தப் பாடம் பிள்ளைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு படிக்கத் தக்கது. அதற்கும் கீழே போனால் அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை வதைக்கக் கூடாது. கிளேயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும், படத்தையும் சூழலையும் வைத்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் கற்பித்தல் முறைக்குப் பின்னாளில் கடுமையான எதிர்ப்பு வந்தது; அந்த எதிர்ப்பு சரியென்றே நானும் நினைக்கிறேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் தடையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

சோதிக்கும் பத்தி பாடப்புத்தகத்தில் இல்லாததாக இருக்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பாடத்தை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. குரலில் ஏற்ற இறக்கம்கூடச் சரியாக இருக்கும். விரல் மட்டும் இரண்டு வரி தள்ளி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால், பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லை எட்டும். வகுப்பே சேர்ந்து வாசிக்கும்போது இந்தப் பிள்ளைகள் அரை மாத்திரை பின்னால் வருவார்கள். காது பழகினால் அந்த அரை மாத்திரையைப் பிடித்துவிடலாம்.

பொருள் புரிந்ததா என்பதை எழுத்துத் தேர்வில் அறியலாம் என்பார்கள். ‘திம்பன் பொலுக்கையில் ஏறிச் சடுவினான்.’ இது நானே கட்டிய பொருளற்ற வாக்கியம். திம்பன் எதில் ஏறினான்? பொலுக்கையில். ஏறி என்ன செய்தான்? சடுவினான். முழு மதிப்பெண்! பத்தியில் இருக்கும் சொல்லைக் கேள்வியில் வைத்து, அதைத் தேடி எடுத்து எழுதச் சொல்லும் வினாக்கள் எல்லாம் இந்த வகைதான். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் கடகடவென்று வாசிப்பாள். முற்றுப்புள்ளியிலும் நிற்க மாட்டாள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் பேசாமல் நிற்பாள். அதே வகுப்பில் ஒரு பையன் ஒரு பத்திக்கு அவளைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுப்பான். மழைக்கு ஓடிய அணில் மறுபடி அந்த மரத்துக்கே வந்தது ஏன் என்று கேட்டேன். “அதோட குட்டி அங்கதானே டீச்சர் இருக்கும்” என்றான். குட்டி என்ற சொல்லே அந்தப் பத்தியில் கிடையாது. கடிகாரம் வைத்து அளந்தபோது சிறுமி முதல் நிலையிலும் பையன் கடைசி நிலையிலும் பதிவானார்கள்.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எனவே வாசிக்கச் சொல்லிக் கேட்பதோடு, அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நாம் வாசித்துக் காட்டியும் கேள்வி கேட்க வேண்டும். கேட்டபோது புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில் வேலை இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளத்திலும் உலக அறிவிலும் வேலை இருக்கிறது. அந்தப் பையனுக்கு வேண்டியது முதலாவது, சிறுமிக்கு வேண்டியது இரண்டாவது. இருவருக்கும் ஒரே ‘குறைதீர் பயிற்சி’த் தாளைக் கொடுப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டோ படம் வரைந்துகொண்டோ இருக்கலாம். பத்து வேலை நாட்களில் வகுப்பு முழுவதையும் ஒருமுறை கேட்டுவிடலாம். நேரத்தைத் தின்பது இது அல்ல. செயலியில் ஏற்ற வேண்டிய கட்டங்களும், ஒரே தகவலை மூன்று படிவங்களில் நிரப்புவதும்தான். கல்வித் துறையில் இருப்பவர்கள் அந்தக் கட்டங்களைக் குறைத்து, ஆசிரியரின் நோட்டில் உள்ள குறிப்புகளைப் பார்வையிட்டால் போதும்.

பிள்ளைகளின் வாசிப்பு நிலையை நிறம் போட்டுச் சுவரில் ஒட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எட்டு வயதில் அந்த நிறத்தின் அர்த்தம் நன்றாகவே புரியும். அதைப் பார்த்த பிள்ளை அப்புறம் சத்தமாக வாசிக்கவே வாயைத் திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளையின் தடை எதுவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும் பிள்ளையைச் சோதிப்பதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் வாரம் ஒரு சிறு பத்தியைச் சற்றுப் பெரிய எழுத்தில், படம் இல்லாமல் வெளியிடுங்கள். ஐந்தாறு வாக்கியங்கள் போதும். கீழே ‘ஏன்’ என்று தொடங்கும் இரண்டே கேள்விகள். பெற்றோருக்கு ஒரு வரிக் குறிப்பு: நேரம் பார்க்க வேண்டாம், நடுவில் திருத்த வேண்டாம், மாற்றி வாசித்த சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தாளைப் பிள்ளை வகுப்புக்கு எடுத்துப் போனால், ஆசிரியருக்கு அந்த வாரத்தின் வேலை தெரிந்துவிடும். பத்திகளை எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்