உரிமம் படிக்கவும் வக்கீல் வேண்டுமா?

ஆசிரியருக்கு,

தக்கலையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இலவசத் தமிழ் எழுத்துரு ஒன்றை டவுன்லோடு செய்தேன். கூடவே, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ‘ஓபன் ஃபான்ட் உரிமம்’ ஆங்கிலத்தில் வந்தது. ‘தனியாக விற்கக் கூடாது’ என்ற வரியில் கை நின்றுவிட்டது. அப்போ பத்திரிகைக்குக் காசு வாங்கலாமா? தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். அவர் நிலப் பத்திரம் பார்ப்பவர், பாவம், என்னைவிட அதிகம் முழித்தார்.

விஷயம் இவ்வளவுதான்: இந்த உரிமத்தில் எழுத்துருவை மட்டும் தனியே விற்கத்தான் தடை, அதில் அச்சடித்ததை விற்கலாம். இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. படம், எழுத்து போன்ற படைப்புகளைப் பிறரும் பயன்படுத்த உரிமங்கள் எழுதித் தரும் அமைப்பான கிரியேட்டிவ் காமன்ஸ்காரர்கள் சட்ட வாசகத்தோடு சாதாரண ஆட்களுக்கான சுருக்கமும் தருகிறார்கள். மற்றவர்களும் அப்படி, தமிழிலேயே தந்தால் என்ன?

– அச்சகக்காரர், தக்கலை