சாவி கைக்கு வந்தது, பெயர் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் பழைய கார் வாங்குவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயிலின் நிறம், டயர் தேய்மானம், மழை நாளில் வண்டி பார்க்கப் போகக் கூடாது என்பது வரை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில் பெயர் மாற்றத்துக்கு மூன்றே வரி, அதுவும் கடைசியில், "பிறகு உரிய அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளவும்" என்கிற மாதிரி. அந்த மூன்று வரியில் நாலு மாதம் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம். எந்த நாடு என்று சொல்லவில்லை. சொன்னால் அது அந்த நாட்டுக் கூத்து என்று மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பும் ஒருவரிடம் வாங்கினேன். அவரும் என்னைப் போல வெளிநாட்டுக்காரர்தான். மூன்று நாளில் விமானம், வீட்டுச் சாமான் எல்லாம் விற்றாகிவிட்டது, கார் மட்டும் பாக்கி, விலையும் மற்ற இடங்களில் கேட்டதைவிடக் குறைவு. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கமெல்லாம் பார்த்தோம், துரு இல்லை, கசிவு இல்லை, "இதை விட்டுடாதீங்க" என்றார் அவர். பணத்தைக் கொடுத்தேன். இரண்டு சாவி, சர்வீஸ் புத்தகம், பதிவுச் சான்று, கையெழுத்துப் போட்ட விற்பனைத் தாள் எல்லாம் கைக்கு வந்தது. பதிவுச் சான்றில் இருந்த பெயரை நான் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். பழக்கமில்லாத பெயர், எது சொந்தப் பெயர் எது குடும்பப் பெயர் என்று புரியவில்லை, அவர் பெயரைத்தான் முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அது அவர் பெயரே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் இன்னொரு வெளிநாட்டுக்காரரிடம் இதே மாதிரி அவசரமாக வாங்கியிருக்கிறார், பெயர் மாற்ற அலையச் சோம்பல்பட்டு அப்படியே ஓட்டியிருக்கிறார், இன்சூரன்ஸும் பழையவர் பெயரிலேயே. நான் அலுவலகத்தில் வரிசையில் நின்று தாள்களை நீட்டியபோது அங்கிருந்த பெண்மணி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். விற்றவர் என்று கையெழுத்துப் போட்டிருப்பவருக்கு இந்த வண்டியில் எந்தச் சம்பந்தமும் இல்லையே என்றார். எனக்கு விற்றவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் வாரம் போனை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. நல்ல வேளையாக முதல் உரிமையாளரின் மின்னஞ்சலை அந்த முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தார். அந்த உரிமையாளர் இருந்தது மூன்றாவது ஒரு நாட்டில். பாவம், நல்ல மனிதர், அதிகாரக் கடிதம் ஒன்று எழுதிக் கூரியரில் அனுப்பினார். கையெழுத்து கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி நோட்டரி முன்னால் கையெழுத்து, அதற்கு மொழிபெயர்ப்பு, மறுபடி கூரியர். இதற்கிடையில் அவர் பெயரில் சேர்ந்திருந்த வேக அபராதங்களைக் கட்டினால்தான் கோப்பை எடுப்போம் என்றார்கள், அவரும் ஓட்டவில்லை, நானும் ஓட்டவில்லை, ஆனாலும் நான்தான் கட்டினேன். வண்டி உறை போட்டபடி நின்று பேட்டரி செத்துப்போனது தனிக் கதை.

இது என் ஒருவனுக்கு நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் நடுவில் ஒருவர் தன் பெயருக்கு மாற்றாமலேயே வண்டியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதற்கு 'டைட்டில் ஜம்பிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், சட்டப்படி அது குற்றம். வெளிநாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் வட்டத்தில் இது அதிகம் நடக்க வாய்ப்பு உண்டு என்பது என் எண்ணம். எல்லோருக்கும் விசா தேதி ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறது, எல்லோரும் "நம்மாள்தானே" என்று நம்புகிறோம்.

அடுத்தது, கையில் இருக்கும் தாள் என்ன சொல்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் வி5சி என்கிற பதிவுப் புத்தகத்திலேயே இது உரிமைக்கான ஆதாரம் இல்லை என்று அச்சடித்திருக்கிறது, வண்டிக்குப் பொறுப்பாளர் யார் என்பதை மட்டும்தான் அது காட்டும். அங்கே 2014 அக்டோபரிலிருந்து சாலை வரியும் வண்டியோடு கைமாறுவதில்லை, வாங்கியவர் புதிதாகக் கட்டித்தான் ஓட்ட வேண்டும், பழைய வரி இருக்கிறதே என்று ஓட்டினால் அபராதம். ஜெர்மனியில் சான்று இரண்டு பாகம். வண்டியில் வைத்துக்கொள்வது முதல் பாகம், வீட்டில் பத்திரமாக வைப்பது இரண்டாம் பாகம். கார் லோனில் இருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாகம் வங்கியிடம் இருக்கும், ஆகவே "அது எங்கேயோ இருக்கு, அப்புறம் அனுப்பறேன்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பிரான்சில் விற்பவர் பதிவு அட்டையின் மேலேயே கோடு போட்டு விற்ற தேதியும் மணியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், நாலு வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றும் கொடுக்க வேண்டும். மணி எதற்கு என்று முதலில் சிரித்தேன். அன்று மாலை கேமராவில் விழும் அபராதம் யார் தலையில் என்பது அந்த மணியில்தான் இருக்கிறது என்று பிறகு புரிந்தது.

லோன் விஷயத்தை மட்டும் விற்பவரின் வாய்வார்த்தையில் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் சேசிஸ் எண்ணைப் போட்டுத் தேடினால் வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும், தேடாமல் வாங்கினால் வேறு யாரோ வாங்கிய கடனுக்கு உங்கள் வாசலிலிருந்து வண்டியை எடுத்துப்போக முடியும். அந்த எண்ணையும் தாளிலிருந்து எழுதிக்கொள்ளாமல் வண்டியின் உடம்பிலிருந்தே படியுங்கள், முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும். பெரும்பாலான கார்களில் மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்றும் சுழியும் என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. தாளில் அப்படி ஓர் எழுத்து இருந்தால் ஒன்று தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் வேறு ஏதோ.

இனி வெளிநாட்டுக்காரருக்கே உரிய தலைவலி. உள்ளூர்க்காரர் அடையாள அட்டையை நீட்டினால் வேலை முடிந்தது. நமக்கோ பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, முகவரிப் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஜெர்மனியில் பாஸ்போர்ட் மட்டும் போதாது, முகவரிப் பதிவுச் சான்றும் கேட்பார்கள், ஆகவே வீடு மாறியவர் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கார் பார்க்கவே போக வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான ஊர்களில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையம் வழியாகச் சான்று வாங்காமல் சாதாரணக் காரைப் பதிய முடியாது. முதலில் இடம், பிறகுதான் கார். முறை பார்த்தால் அதுதான் நியாயம், ஆனால் தெரியாதவர் காரை வாங்கி வைத்துக்கொண்டு இடம் தேடுவார்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கலாம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். ஒரு தாளில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் தெரியவில்லையாம்! சரி, அது போகட்டும். ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், கார் பதிவு மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி, ஒரே எழுத்துகளோடு இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள். விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் இது தெரியவந்தால் ரொம்பத் தாமதம்.

பணம் கொடுத்த பிறகு இன்சூரன்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தப்பு. பல நாடுகளில் இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவே கிடையாது, ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனம் தரும் ஏழு எழுத்துக் குறியீடு இல்லாமல் போனால் கவுன்டரிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான். புதிதாக வந்தவருக்குப் பிரீமியம் சில சமயம் கார் விலையோடு போட்டி போடும். முந்தைய நாட்டில் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு அந்த நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்திருந்தால் சில நிறுவனங்கள் குறைத்துக்கொள்வார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

முடிந்தால் பணத்தையும் பெயரையும் ஒரே நேரத்தில், அந்த அலுவலக வாசலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், இணையத்தில் மாற்றும் நாடு என்றால் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, திரையில் உங்கள் பெயர் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். விற்பவருக்கும் இதில் லாபம் உண்டு, அவர் போன பிறகு வரும் அபராதம் அவர் பெயரைத் தேடாது. நேரமில்லை, நாளை விமானம் என்று அவர் சொன்னால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஆளையே பார்க்க முடியாத விளம்பரங்களை, அதாவது நான் வெளிநாட்டில் இருக்கிறேன், கார் கப்பல் நிறுவனத்திடம் இருக்கிறது, அட்வான்ஸ் போட்டால் வீட்டு வாசலுக்கு வரும் என்கிற வகையை, நான் பேசவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என் கார் இப்போது என் பெயரில்தான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது, அந்த மெக்கானிக் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். கட்டுரையோடு வந்த அந்தச் சரிபார்ப்புப் பட்டியலை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், ஆயில் நிறத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: விற்பவரின் பாஸ்போர்ட்டையும் பதிவுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கவும்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் வசிக்கும் உங்கள் வாசகர்