கடைசியாக வந்த அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

ஸ்பித்திப் பள்ளத்தாக்குக்குப் போகும் நம் அடுத்த ஸ்கூட்டர் பயணத்துக்கு வரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. "என் வண்டியாலதான் எல்லாருக்கும் லேட்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதில். நம் ஆட்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

போன பயணத்தில் மணாலியிலிருந்து லடாக்கின் லே போனவை ஏழு ஸ்கூட்டர்கள். ஆறு பஜாஜ் சேத்தக், உங்களுடையது மட்டும் விஜய் சூப்பர். தண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்ற பலகை முன்னால் நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒவ்வொரு கேனாகத் திறந்து பெட்ரோலில் ஆயில் கலந்தாச்சா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கட்டா லூப்ஸில், அந்த 21 கொண்டை ஊசி வளைவுகளில், முதலில் மூச்சு வாங்கி நின்றது என் சேத்தக். ஊர்ப் பழக்கத்தில் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து உதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நிறுத்தி, "பெட்ரோல் ஜாஸ்தியாத்தான் போகுது, காத்துதான் பத்தல" என்றீர்கள். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. அப்புறம் உங்கள் பையிலிருந்து துளை சிறிதான ஒரு ஜெட், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற திருகு, வெளியே வந்தது. மூக்குத்தித் திருகு அளவுதான் இருக்கும், மண்ணில் விழுந்தால் போச்சு என்று வண்டிக்கு அடியில் துண்டை விரித்து, கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் விறைக்க விறைக்க மாட்டினீர்கள். முக்கால் மணி நேரம் போனது. அது உங்கள் வண்டியால் வந்த தாமதமா அண்ணா? விஜய் சூப்பர்காரர் பையில் சேத்தக் ஜெட் எதற்கு இருந்தது என்று எனக்கு ராத்திரி பாங் கூடாரத்தில் படுத்தபோதுதான் உறைத்தது.

தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். ஊரில் கிடைக்கும் காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அங்கே. ஏற்றத்தைப் பற்றியே நாங்கள் கவலைப்பட்டோம், நீங்கள் இறக்கத்தைச் சொன்னீர்கள்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடுதான் வரும், ஆக்ஸிலரேட்டர் முறுக்கை மூடியபடி கியரில் இறங்கிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் காய்ந்துவிடும், அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிவிடு என்று. கேட்காத ஒருவருக்கு வழியிலேயே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஆறும்வரை அவரோடு உட்கார்ந்திருந்ததும் நீங்கள்தான். அன்றைக்கு லேயில் நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தீர்கள்.

அப்புறம் கர்துங் லா கணவாய் தாண்டி, மணல்மேடுகள் உள்ள ஹுண்டர் கிராமம். பாதையில் மணல் ஏறிக் கிடந்தது, சேத்தக்குக்கு எஞ்சின் வலது பக்கம் அல்லவா, மணலில் ஆறு பேரும் வலது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து விழுந்தோம். உங்கள் வண்டிக்கு எஞ்சின் நடுவில். மிலானின் இன்னோசென்டி கம்பெனியிடமிருந்து 1972-இல் இயந்திரங்களை வாங்கி லக்னோவில் செய்த அந்த லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வம்சம், இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நிற்கிற பக்கமாக நேராகப் போனது. அந்தப் பயணத்தில் உங்கள் பின்விளக்கை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்பித்திக்குக் கிளட்ச் கேபிள், கியர் கேபிள் எல்லாம் வாங்கியாச்சு. விஜய் சூப்பர் ஜெட் இந்த முறை என் பையில் இருக்கும். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி