ஐம்பது ஆடு கேட்ட மாப்ளைக்கு

மன்னவனூர்
புரட்டாசி 10

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கொடைக்கானல் மேல்மலையில் டவர் கிடைப்பதைவிடத் தபால் சீக்கிரம் வந்துவிடுகிறது. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை. நாலு பக்கமும் ஆட்டுக் கணக்குதான்.

கூக்கால் பக்கம் உன் அப்பா பங்கு நாலு ஏக்கரும் சும்மா கிடக்கிறது, ரிட்டயர்மென்ட் பணத்தில் ஐம்பது செம்மறி வாங்கி விடலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னிடமும் அதே நாலு ஏக்கர் புல்தான். நாற்பது விட்டு நொந்து, இப்போது பதினெட்டு ஆடும் ரெண்டு பசுவுமாக நிற்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு பண்ணு.

அப்போதெல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் நாற்பது ஆட்டையும் வரிசையாக நிறுத்திப் புழு மருந்து ஊற்றுவேன். எல்லாம் ஒரே பாட்டில் மருந்து. ஊரில் என்னைப்போல ஒழுங்காக ஆடு வளர்க்கிறவன் இல்லை என்ற மிதப்பு வேறு. ஒரு ஐப்பசி மழையில் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கத் தொடங்கியது. கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது போய்விட்டது. ஒன்பதாவதை டாக்டர் அறுத்து, நாலாவது வயிற்றைத் திறந்து காட்டினார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கின நூல் போலப் புழு, கொத்துக் கொத்தாக. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்குமாம். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆயிரம் புழு என்றால் தினம் 50 மில்லி. பெண் புழு ஒன்று நாளைக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும்.

மருந்து ஊற்றியும் ஏன் இப்படி என்றேன். ஊற்றியதால்தான் என்றார். எல்லா ஆட்டுக்கும் ஊற்றும்போது மருந்துக்குச் சாகிற புழு எல்லாம் செத்துவிடும், தாங்கின புழு மட்டும் பெருகும். நாலைந்து வருஷமாகக் காசு கொடுத்து அந்தப் புழுவை வளர்த்தது நான்தான், மாப்ளே.

அன்றிலிருந்து ஆட்டின் கீழ் இமையைப் பிரித்துப் பார்த்துத்தான் மருந்து. உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடு. வெளுத்திருந்தால் ஊற்று. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் போட்ட அட்டை செய்திருக்கிறார்கள். மந்தையில் சில ஆட்டுக்குள்தான் பெரும்பாலான புழுவும் இருக்கும். மீதி ஆட்டில் இருக்கும் மருந்து பார்க்காத புழு இருந்துவிட்டுப் போகட்டும். தாங்கின புழுவோடு அது கலந்தால்தான் நாளைக்கும் மருந்து வேலை செய்யும். அடிக்கடி வெளுக்கிற ஆட்டை நான் கறிக்குக் கொடுத்துவிடுகிறேன். அதன் குட்டியும் அப்படித்தான் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஈரலில் தட்டைப்புழு இருந்தாலும் இமை வெளுக்கும். ஓடைச் சதுப்பில், அதைப் பரப்புகிற நத்தை இருக்கும் இடத்தில் மேயவிடாதே.

அடுத்தது புல். புழுக்கையோடு விழுந்த முட்டை பொரித்து, பனி இறங்கிய புல்லில் புழுக்குஞ்சு ஈரத்தோடு மேலே ஏறும். அதனால் பனி உலர்ந்த பிறகுதான் பட்டியைத் திறப்பேன். குளோவர் என்கிற மூணு இலைச் செடி கலந்த புல்லை ஈரத்தோடு வயிறு முட்டத் தின்றால் உப்புசமும் வரும். நாலு விரல் உயரத்துக்குக் கீழே மேயவிட மாட்டேன், அடிப்புல்லில்தான் அதிகம் இருக்கும். கீழ்நாட்டில் வெயில் அந்தக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். நம் குளிரில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு மாசம் காட்டை ஆறப்போட்டால் புல் வளரும், புழுவும் காத்திருக்கும். அதற்குத்தான் பசு. ஆடு மேய்ந்த நிலத்துண்டில் அடுத்த முறை பசுவை விட்டால் ஆட்டுப் புழுவைப் புல்லோடு விழுங்கிவிடும், பசு வயிற்றில் அது பெரும்பாலும் தங்காது. கன்றுக்குட்டியை மட்டும் விடாதே. இந்தச் சுற்றுக்குப் பதினெட்டுதான் தாங்குகிறது. ராத்திரியில் வந்து மேய்கிற காட்டுமாடு இந்தக் கணக்கில் இல்லை, அவர்கள் யாரையும் கேட்பதில்லை.

உன் மகன் மாடு ஏப்பம் விட்டால் பூமி சூடாகும் என்கிறானாமே. பொய்யில்லை. அசை போடுகிற எதுவாக இருந்தாலும் முதல் வயிற்றில் மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வரும். சீக்கு ஆடு குட்டியும் தராமல், கறியும் வைக்காமல் வருஷம் முழுக்க ஏப்பம் மட்டும் விடும் என்று அவனிடம் சொல்.

வருமானத்துக்கு வருகிறேன். இங்கே செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ என்கிற இனத்தை வளர்க்கிறார்கள், அந்தக் கலப்பில் குட்டி எடை நன்றாக நிற்கிறது. கம்பளியை நம்பாதே, கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் காணாது. எனக்குக் கை கொடுப்பது கறியும், அடுத்தவர் வயலில் ராத்திரி ஆட்டை அடைக்கிற கிடையும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பூண்டுக்காரர்கள் எருவில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. நடவுக்கு முன் நாலு ராத்திரி கிடை போட்டால் சாணியும் மூத்திரமும் நேராக மண்ணில் விழுகிறது, லாரி வாடகை மிச்சம் என்று அவர்களே கூப்பிடுகிறார்கள்.

கிடாவை நான் ஆவணியில்தான் சேர்ப்பேன். ஐந்து மாசக் கணக்கில் தையில் குட்டி விழும், அடைமழைக்குத் தப்பிவிடும். வருஷம் முழுக்கக் கிடாவைச் சேர்த்தே விட்டு, மழையில் நனைந்த குட்டிகளை அடுப்படியில் வைத்துக் காப்பாற்றின கதையை உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, இன்னும் விடாமல் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் இப்போது ஒன்றும் வாங்காதே. ஐப்பசியில் ஒரு தரம் கூக்காலுக்குப் போய் உன் நிலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து வை. பொங்கல் முடிந்து ரெண்டு பேரும் இங்கே வாருங்கள். பதினெட்டையும் பிடித்துத் தருகிறேன், ஒவ்வொன்றாக இமையைப் பிரித்துப் பழகு. கை பழகிவிட்டால் ஐந்து பெட்டை ஓட்டிக்கொண்டு போ, காசு அப்புறம் பேசிக்கொள்ளலாம். வரும்போது வத்தலக்குண்டில் நல்ல தாம்புக்கயிறு ரெண்டு வாங்கி வா.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்