கருப்பி குட்டி போட்டிருக்கிறாள்

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம். உன் போனை அணைத்து வைத்திருப்பதாக மூன்று வாரமாக ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அதனால்தான் கடிதம். வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை கருப்பி குட்டி போட்டாள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காத உன் அப்பா, மூன்று ராத்திரி தொழுவத்திலேயே படுத்துக் கிடந்தார். நம் ஆறு கழுதைகளையும் தலைக்கு மூவாயிரம் என்று செங்கல் சூளைக்காரனுக்குத் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை எண்பதாயிரத்துக்கு வாங்கிய வீடு நம் வீடு. 2012இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துச் சொச்சம் கழுதை இருந்ததாம், 2019 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து இருபதாயிரம்தானாம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். தங்கம் விலை சொல்வது போல வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்கிறார்.

பால் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், சோப்பு செய்யப் போகிறேன் என்று ஒரு கம்பெனிக்காரன் வந்தான். அவன் ஆபீசில் ‘என்னைப் பார் யோகம் வரும்’ படம் மாட்டியிருந்தது. யோகம் யாருக்கு என்று அதில் எழுதவில்லை. கருப்பி பன்னிரண்டு மாதம் சுமந்தாள், அவனுக்கு அத்தனை பொறுமை இல்லை. அவன் நம் தலையில் கட்டிய பிரீசரில் தோசை மாவு வைத்திருக்கிறேன். பால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூட வராது, அதிலும் குட்டிக்குப் போக மிச்சம்தான். ஒரு சங்கு ஐம்பது ரூபாய் என்று பேர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

மழைக்காகக் கருப்பிக்குக் கல்யாணம் செய்து வைத்ததை உனக்குச் சொல்லவில்லை அல்லவா? பிளெக்ஸ் போர்டில் அவள் படம், உன் அப்பா படத்தைவிடப் பெரிதாக. மாப்பிள்ளை பக்கத்து ஊரிலிருந்து லோடு ஆட்டோவில் வந்தான். பொதி சுமந்த சாதியை ஆட்டோ சுமக்கிறது. மழை பெய்யவில்லை. கர்ப்பிணிக்குத் தாலி கட்டினால் எப்படிப் பெய்யும் என்று கமிட்டியில் சண்டை, இன்னும் ஓயவில்லை.

மேலத்தெரு அத்தை மகன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். லேப்டாப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறான். லீவு என்கிறாள் அத்தை. மூன்று மாதமாகவா லீவு? நான் கேட்கவில்லை. நீ அவனைப் போல இல்லை, கெட்டிக்காரன். ஆனால் கெட்டிக்காரனுக்கு அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? சாப்பிடுகிறாயா?

இந்த மாதம் பணம் பத்தாம் தேதி வந்தது. எப்போதும் ஒன்றாம் தேதி வரும். குறை சொல்லவில்லை. இனி அனுப்பாதே.

அனுப்பாதே என்று சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. மாடி கட்ட நீ கொடுத்த பணம்தான் கருப்பி. கம்பி வந்தது, சிமெண்ட் வந்தது என்று போனில் நான் சொன்னதெல்லாம் பொய். உனக்கு அனுப்பிய போட்டோ அடுத்த வீட்டு மாடி. அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். பத்தாம் வகுப்பில் உன்னைப் ‘பொதி’ என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ அழுதாயே, அன்றைக்கு ஆறையும் விற்கச் சொன்னதும் நான்தான். நீ விற்கச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. சூளைக்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா வெள்ளாவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இத்தனை வருடம் கழித்து அவர் கழுதைக் குட்டியோடு பேசுவதைக் கேட்கிறேன்.

ராத்திரியில் கதவைத் தாழ் போடுவதில்லை, சும்மா சாத்தித்தான் வைக்கிறோம். வந்தால் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வா. உன் கட்டிலுக்குக் கயிறு மாற்றியாயிற்று. எத்தனை நாள் லீவு என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அத்தை வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா