வான்கோழிக் காட்டுக்குப் போகும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. சேலம் வீட்டு விஷயம் இன்னும் முடிந்தபாடில்லை, சித்தப்பாவிடம் பேசிவிட்டு அதைத் தனியாக எழுதுகிறேன். இங்கே ரோலாவில் ரெட்பட் மரம் பூக்க ஆரம்பித்துவிட்டது. போனில் பேசலாம்தான், ஆனால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம். நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய், தெரியும். அவசரமில்லை, மெதுவாகவே படி.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா காட்டினாள். எனக்கு அனுப்பவில்லை, அவளுக்குத்தான் அனுப்பியிருந்தாய். சரி. ஹால் தரை முழுக்கச் சாமான்கள், நடுவில் பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்கிறாள். ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குச் சிறுவர்களுக்கென்று விடும் அந்த இரண்டு நாளில் அவளைக் கூட்டிப்போகிறாயாம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை, இந்தச் சேதி மட்டும் வந்தது. சந்தோஷம்தான். பத்து வயதுப் பெண்ணை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிக் காட்டுக்குக் கூட்டிப்போக எத்தனை அப்பாவுக்கு மனசு வரும்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினாலு பை வைத்த வெஸ்ட். வான்கோழி மாதிரிக் கூப்பிட, வாய்க்குள் வைத்து ஊதும் டயாஃப்ராம் ஐந்து. உரசிக் கூப்பிடும் ஸ்லேட் கால் (call) இரண்டு, மரப்பெட்டி மாதிரி இருக்கும் பாக்ஸ் கால் ஒன்று, ஆந்தை மாதிரிக் கத்த ஒரு குழல். ஏமாற்றி வரவழைக்கப் பெட்டை பொம்மை இரண்டு, நிஜ வால்விசிறி செருகிய சேவல் பொம்மை ஒன்று. மடக்குக் கூடாரம். குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் ரெட் டாட். டங்ஸ்டன் தோட்டா. உடம்பு வாசனையைப் போக்கும் ஸ்ப்ரே. உன் அளவுக்கு இலைநிறக் கேமோ சட்டை, பேன்ட், முகமூடி, கையுறை. பாப்பாவின் அளவுக்கு ஒரு கையுறைகூட என் கண்ணில் படவில்லை. வேறு அறையில் வைத்திருப்பாய்.

இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பணத்துக்காகச் சொல்லவில்லை. உன் சம்பாத்தியம், உன் செலவு. அதில் எனக்குப் பெருமைதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு வால்நட் உடைக்கச் சொல்லிக்கொடுத்தவர். 1993 வசந்தத்தில் முதல் தடவை அவரோடு மார்க் ட்வைன் என்ற காட்டுக்குள் போனபோது அவரிடம் என்ன இருந்தது தெரியுமா? பழைய பம்ப் துப்பாக்கி. சட்டைப் பையில் மூன்று தோட்டா. பாக்ஸ் கால் ஒன்று, நடக்கும்போது கீச்சென்று சத்தம் போடாமல் இருக்க அதன் மேல் ஒரு பழைய சாக்ஸ். உரசத் துண்டுச் சாக்பீஸ். உட்காரக் கிழிந்த மெத்தைத் துண்டு. அவ்வளவுதான். ஆந்தைக்குக் குழல் எதற்கு, வாயாலேயே கத்துவார். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எங்கோ மரத்தின் மேலிருந்து சேவல் குரல் கொடுக்கும். அவர் போய் ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மூன்று தடவை பெட்டை மாதிரி இழுப்பார், பாக்ஸைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் ஒரு மணி நேரம் அசையமாட்டார்.

அவர் இளைஞராக இருந்தபோது மிசௌரியில் வான்கோழியே அற்றுப்போகும் நிலை. காட்டை வெட்டினார்கள், வருஷம் முழுக்கச் சுட்டார்கள். பிறகு பிடித்துக் கொண்டுபோய் வேறு வேறு காடுகளில் விட்டு வளர்த்துத்தான் 1960-இல் மறுபடி வேட்டைக்குத் திறந்தார்கள். 14 மாவட்டம், மூன்றே நாள், மொத்தம் 94 பறவை. அதை அவர் கோயில் திருவிழா மாதிரிச் சொல்வார். பறவை கிடைப்பதே பெரிது என்று வாழ்ந்தவருக்குச் சாமான் மேல் ஆசை எங்கே வரும்?

வான்கோழிக்கு மோப்பம் மிகக் குறைவு, அந்த ஸ்ப்ரே மான் வேட்டைக்காரருக்கு. அதன் கண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். நிறம் தெரியும், பக்கவாட்டில் தெரியும், நீ இமைப்பதுகூடத் தெரியும். அதனால் முகமூடியும் கையுறையும் உனக்குத் தேவை, பாப்பாவுக்கு உன்னைவிட அதிகம் தேவை, குழந்தையின் கை சும்மா இருக்காது. கூடாரத்தைப் பற்றி முதலில் தப்பாக நினைத்துவிட்டேன். பிள்ளையோடு போகிறவனுக்கு அது நல்லதுதான், உள்ளே அவள் நெளியலாம், பிஸ்கட் தின்னலாம். டங்ஸ்டன் தோட்டாவும் அப்படித்தான். பெரியவனுக்கு அது வீண் செலவு. ஆனால் அவளுக்குச் சின்னக் குழல் .410 துப்பாக்கி என்றால், தோளில் அதிகம் உதைக்காமல் பறவையையும் விழவைக்க அதுதான் சரி. நீயாக யோசித்து வாங்கியிருக்கிறாய் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். காட்டுக்குப் போகும் முன்னால் மட்டும் காகிதத்தில் சுட்டுப் பார். 20 கஜம், 30 கஜம் வைத்து, குண்டுகள் எப்படி விரிகின்றன என்று பார். மூன்று பொம்மைக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுக்கலாம். உண்ணிக்குப் பெர்மெத்ரின் வாங்கி முதல் நாளே துணியில் அடித்துக் காயவை. ஏப்ரலிலேயே உண்ணி வந்துவிடும், கடித்த பிறகு சிலருக்கு மாட்டிறைச்சியே ஒத்துக்கொள்ளாமல் போகிறது.

அந்த வால்விசிறி வைத்த சேவல் பொம்மையை வீட்டிலேயே வை. விசிறியை முன்னால் பிடித்துக்கொண்டு புல்லில் ஊர்ந்து போவதை வீடியோவில் காட்டுகிறார்கள். சில மாநிலங்களில் தடையே செய்திருக்கிறார்கள். விசிறிக்குப் பின்னால் இருப்பது மனிதன் என்று எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து வேண்டாம்.

சத்தம் வரும் பக்கம் நடக்காதே. உட்கார்ந்து வரவழை. தோளைவிட அகலமான மரமாகப் பார்த்துச் சாய்ந்து உட்கார். வேறு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, வாய்விட்டுக் கத்து. காலை வேட்டை போனால் போகட்டும். நடக்கும்போது இருவரும் ஆரஞ்சு போட்டுக்கொள்ளுங்கள். பறவை கிடைத்தால் அதையும் ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கு. சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூன்றும் உடம்பில் எங்கேயும் இருக்கக் கூடாது. சேவலின் தலை அந்த நிறம்தான்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதித்தான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாய். பின்னே எதற்கு இத்தனை தடவை சொல்கிறேன் என்று எரிச்சல் வரும். உன்னிடம் எதையும் நேராகச் சொல்ல எனக்கு வருவதில்லை. முப்பது வருஷம் காட்டுக்குப் போன அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கன்சாஸ் சிட்டியில் கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டாயே என்று முதலில் கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, நீ ஏன் கேட்பாய் என்று தோன்றியது.

1998 ஏப்ரல். உனக்குப் பதினோரு வயது. அதுதான் நீ என்னோடு வந்த முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான். அந்த வருஷம் நான் தாத்தாவின் பேச்சைக் கேட்பதை விட்டிருந்தேன். சம்பளம் கூடியிருந்தது. கடைக்குப் போய்க் கேமோ சட்டை, பேன்ட், முகமூடி, கையுறை, வெஸ்ட், பொம்மை, புது பாக்ஸ் கால் எல்லாம் எனக்காக வாங்கினேன். அதே கடையில் தொப்பிகளும் தொங்கின, பத்து டாலர்கூட இருக்காது. உனக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ உன் கார்டினல்ஸ் பேஸ்பால் அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாய். சிவப்புத் தொப்பி, முன்னால் வெள்ளை எழுத்து. காரில் ஏறும்போது பார்த்தேன். நேரமாகிறது என்று விட்டுவிட்டேன்.

உன்னை ஓக் மரத்தடியில் உட்காரவைத்து, சும்மா இருக்கட்டும் என்று என் பழைய பாக்ஸ் காலைக் கையில் கொடுத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் சேவல் கத்திக்கொண்டே இருந்தது, வரவில்லை. பொறுமை போய்விட்டது. இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அதன் பின்னால் போனேன். செய்யவே கூடாது என்று தாத்தா முதல் நாளே சொன்ன காரியம். முக்கால் மணி நேரம் அலைந்தேன். திசை தப்பிவிட்டது. நான் இறங்கியது நாம் இருந்த பள்ளத்துக்கேதான், எனக்கு அது தெரியவில்லை.

பெட்டை கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பெட்டை இருந்தால் சேவலும் பக்கத்தில் இருக்கும் என்று மண்டியிட்டேன். முப்பது கஜத்தில், புதருக்கு நடுவே, தரையிலிருந்து கொஞ்சம் மேலே சிவப்பாக ஒன்று அசைந்தது. கூடவே ஒரு வெள்ளை. துப்பாக்கியைத் தூக்கினேன், சேஃப்டியைத் தள்ளினேன், விரல் விசையில் இருந்தது. அது வான்கோழித் தலைதான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, தம்பி.

நீ தும்மினாய்.

குழலைக் கீழே இறக்கியதும் உன் முகம் தெரிந்தது. பாக்ஸ் காலை மடியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாய். இருட்டில் தனியாக உட்காரவைத்துவிட்டுப் போனேன், பயத்தில் நீ என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாய். தோட்டாக்களைக் கழற்றக் கை வரவில்லை. ஒன்று இலைக்குள் விழுந்தது, தேடாமல் விட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். மழை வரப்போகிறது, கிளம்பு என்றேன். காரில், "உனக்கு ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கத் தெரியாது, உன்னால்தான் பறவை போச்சு, உன்னைக் கூட்டிவந்தது என் தப்பு" என்றேன். வீடு வரும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். மறு வருஷம் நான் கூப்பிடவில்லை, நீயும் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை, நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற மாதிரி நீ தலையைக் குனியும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்தான் கண்முன் வரும். நீ அசைந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ அசைந்ததால்தான் இன்று இருக்கிறாய். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. அவளிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

பாப்பாவைக் கூட்டிப்போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. முதலில் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். கூட்டிப்போ. அவள் மரம் விழித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்க வேண்டும், டாக்வுட் பூ வெள்ளையாகத் தெரிய ஆரம்பிப்பதைப் பார்க்க வேண்டும். அவளை விட்டு ஓரடி நகராதே. சத்தம் எந்தப் பக்கம் வந்தாலும், பறவை எத்தனை பெரிதாக இருந்தாலும். சேவலின் மார்பில் தொங்கும் தாடி தெரியும்வரை, முழு உடம்பும் தெரியும்வரை, சேஃப்டியில் யார் கையும் போகக் கூடாது. வான்கோழி கிடைக்காமல் வந்தால் மருமகளிடம் சொல்லி இட்லி ஊற்றிச் சாப்பிடுங்கள்.

இன்று பார்சல் ஒன்று போட்டிருக்கிறேன். பாப்பாவுக்குத் தொப்பி, முகமூடி, ஒரு ஜோடிக் கையுறை, எல்லாம் கரும்பச்சை. தலை அளவை அம்மா சொன்னாள். பெரிதாக இருந்தால் பின்னால் பட்டியை இழுத்துக்கொள்ளலாம். கூடவே அந்தப் பழைய பாக்ஸ் கால். சாக்பீஸ் தடவினால் இன்னும் நன்றாகக் கத்தும். உனக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடு.

கூப்பிட்டால் நானும் வருவேன். துப்பாக்கி எடுத்துவர மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு. காலுறையைப் பார்க்க மறந்துவிடாதே. பேன்ட் மேலே ஏறினால் வெள்ளைக் காலுறை தெரியும். உள்பனியனும் அப்படித்தான். வெள்ளை வேண்டாம், சிவப்பு வேண்டாம், நீலம் வேண்டாம்.