நண்பகல் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வசந்தகால மலைப்பயணம் பற்றிய கட்டுரையில் ‘நண்பகலுக்குள் இறங்கிவிட்டால் பனிச்சரிவு பயமில்லை’ என்று இருந்தது. பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

பகலில் உருகும் நீர் பனித்துகள்களுக்கு நடுவே இறங்கி, அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. இரவில் அது திரும்ப உறைந்தால் மேலே கெட்டி ஓடு பிடிக்கும். காலையில் சரிவு அசையாமல் நிற்பது அந்த ஓட்டால்தான். வானம் தெளிந்திருந்தால், காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை இழந்து உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அது நடக்காது. விடியற்காலை 5 மணிக்கே பனி கூழாகக் கிடக்கும். அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் தாமதம்தான்.

கிளம்பும் முன் ஊன்றுகோலால் குத்திப் பாருங்கள். 2, 3 சென்டிமீட்டர் ஓடு உடைந்து, கீழே ஈரமாகச் சொதசொதவென்று இருந்தால் அதை நம்ப வேண்டாம். வெயில் பட்டதும் போய்விடும். நடக்கையில் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தாலோ, பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, கடிகாரம் 9 காட்டினாலும் திரும்பிவிடுங்கள். வட அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் பெரும்பாலும் சரிகிறது. நீங்கள் நடப்பது சமதளமாகவே இருக்கட்டும், தலைக்கு மேலே என்ன சாய்வு என்பதையும் பார்க்க வேண்டும்.

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை ஆபத்தை 1 முதல் 5 வரை அளவிடும். வசந்தத்தில் பல இடங்களில் அது ஒரே நாளுக்கு இரண்டு அளவு தரும்: காலைக்கு 1, பிற்பகலுக்கு 3 என்பதுபோல. முதல் எண்ணைப் படித்துவிட்டுப் பையைத் தூக்குகிறவர்கள் அதிகம். 5-இல் 3 என்றால் ‘சுமார்’ என்று நினைப்பதும் தவறு. அந்த அளவில்தான் ஏராளமானோர் உயிரிழந்திருக்கிறார்கள்.

நேரக் கணக்குக்கே அடங்காதது ஒன்று உண்டு. பனிப்படலம் முழுவதும் தரையோடு வழுக்கி நகரும்போது, மேலே பிறை வடிவில் பெரிய விரிசல் வாய் திறக்கும். அடியில் புல்லோ மண்ணோ தெரியும். ‘விரிசல் விட்டாச்சு, இனி இறுக்கம் இல்லை, விழாது’ என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்கலாம். அந்தப் படலம் அன்றும் விழலாம், மூன்று வாரம் கழித்து நள்ளிரவிலும் விழலாம். அதன் கீழே இளைப்பாறவோ கூடாரம் போடவோ கூடாது.

கருவிகளைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. குழுவில் ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுக் கம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரமாகும். ஈரப்பனி ஓடும்போது குழம்புபோல வந்தாலும், நின்ற மறுகணமே காங்கிரீட் போல இறுகும். பிளாஸ்டிக் மண்வாரி அதில் வளைந்துபோகும். உலோகத் தகடு உள்ளதை வாங்குங்கள்.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர் ஒருவர்